பழைய இசைத்தட்டில் பன்சூரி துன்: பக்கத்தின் முடிவில் ஏன் கரகரக்கிறது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் ஒரு பன்சூரி (இந்துஸ்தானி மூங்கில் குழல்) எல்.பி. தட்டும் (நீண்ட நேரம் ஒலிக்கும் இசைத்தட்டு), நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட பழைய அரக்குத் தட்டு ஒன்றும் வாங்கி வந்தேன். எல்.பி.யின் முதல் பக்கத்தில் நீண்ட ராக ஆலாபனைக்குப் பின் ‘மிஸ்ர பீலு, துன்’ என்று ஒரு சிறு உருப்படி வருகிறது. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ‘மிஸ்ர’ என்பதும் ‘துன்’ என்பதும் எதைக் குறிக்கின்றன என்று தெளிவாகவில்லை. அதைவிட என்னை வருத்துவது, ராகப் பகுதி தெளிவாக ஒலிக்க, நான் மிகவும் விரும்பும் அந்தத் துன் மட்டும் கரகரப்பதும், நீண்ட சுரங்கள் அலைபோல ஏறி இறங்குவதுமாகும். தட்டு தேய்ந்துவிட்டதா? 78 சுழற்சித் தட்டை இதே முள்ளால் கேட்கலாமா?

மறுமொழி 1

இசையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். துன் என்பது நாட்டுப்புற மெட்டைத் தழுவி, பெரும்பாலும் தாதரா (6 மாத்திரை) அல்லது கஹர்வா (8 மாத்திரை) தாளத்தில் வாசிக்கப்படும் மெல்லிசை உருப்படி. கச்சேரியின் கடைசியில் வருவதால் நம்முடைய துக்கடாவுக்கு நெருக்கமானது என்று சொல்லலாம். ஆனாலும் சாகித்தியத்தின் துணையின்றி, மெட்டின் வளைவு ஒன்றையே நம்பி நிற்பது அது. பீலு, காபி, கமாஜ், பஹாடி போன்ற ராகங்களில் கலைஞர் அயல் சுரங்களையும் பிற ராகங்களின் சாயலையும் உரிமையோடு கலந்துகொள்ளும்போது ‘மிஸ்ர’ என்ற அடைமொழி சேர்கிறது.

இந்த வகை இசை பன்சூரிக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு, இன்றைய வங்கதேசத்தின் பாரிசாலில் 1911இல் பிறந்த பன்னாலால் கோஷுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஏறத்தாழ 32 அங்குல நீளமுள்ள பெரிய மூங்கில் குழலைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுவந்து, ஏழாவது துளையையும் சேர்த்தவர் அவர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கிடைத்த 78 சுழற்சித் தட்டுகளின் காலத்துக் கலைஞர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், ‘மீண்ட்’ எனப்படும் ஒவ்வொரு சுர வழுக்கலும் எவ்வளவு அளந்து இழைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். எல்.பி. காலத்துக்கு வந்தால், 1967இல் வெளியான ‘கால் ஆஃப் த வேலி’ தட்டின் இறுதியில் ஹரிபிரசாத் சௌராசியா (பன்சூரி), சிவகுமார் சர்மா (சந்தூர்), பிரிஜ் பூஷண் காப்ரா (கிட்டார்) மூவரும் வாசிக்கும் பஹாடியை அவசியம் கேளுங்கள்.

மறுமொழி 2

கரகரப்புக்கும் அலைவுக்கும் காரணங்கள் வேறு வேறு. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை ஒரே சீராகச் சுழல்கிறது. ஆனால் மையத்தை நெருங்க நெருங்கச் சுற்றளவு குறைவதால், முள்ளின் அடியில் தடம் நகரும் வேகம், வெளி விளிம்பில் இருந்ததில் பாதிக்கும் கீழாகிவிடுகிறது. அதனால் மேல் ஸ்தாயிச் சுரங்களின் நுண்ணிய நெளிவுகள் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன; முள்ளால் அவற்றைச் சரியாகத் தொடர முடியாதபோது கரகரப்பு எழுகிறது. கச்சேரி மரபுப்படி துன்னைக் கடைசியில் வைத்ததால், பதிவின் மிக மென்மையான பகுதிக்குத் தட்டின் மிக மோசமான இடம் வாய்த்துவிட்டது. இது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் திருத்திய பிறகும் கரகரப்பு அப்படியே இருந்தால், முந்தைய உரிமையாளரின் தேய்ந்த முள் தடத்தைச் சிதைத்திருக்கலாம், அதற்கு மருந்தில்லை.

அலைவு 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், அது ஒரு சுழற்சியின் நேரம். நடுத்துளை மையம் விலகியிருக்கிறது என்று பொருள். முள் தாங்கிய கை இடவலமாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விலகல் தட்டு முழுவதும் ஒன்றுதான் என்றாலும், மையத்துக்கு அருகில் சுருதி கூடுதலாக ஆடும். சிதாரில் தந்தியின் மீட்டல் ஒலி உடனே தணிவதால் இக்குறை ஓரளவு மறையும். நீண்டு நிற்கும் குழலோசையில் அது மறையவே மறையாது.

78 சுழற்சித் தட்டை இந்த முள்ளால் கேட்க வேண்டாம். அதன் தடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது. அதற்குரிய தனி முள் வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கை ஆடுவதை இன்று கண்ணால் கண்டேன். கார்ட்ரிட்ஜ் சற்றே திரும்பியிருந்தது. நேராக்கியதும் கரகரப்பு பெருமளவு குறைந்து, துன்னின் கடைசி வரியில் கலைஞர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. அரக்குத் தட்டைத் தனி முள் கிடைக்கும்வரை உறையிலேயே வைத்திருக்கிறேன்.