ஈமு, நெருப்புக்கோழி, கிவி எல்லாம் ஒரே வம்சமா?

குடியாத்தம் டீச்சர்:
பிளஸ் ஒன் பையன் ஒருவன் மடக்கிவிட்டான். பறக்காத பெரிய பறவைகளின் மூதாதை கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தில் நடந்து திரிந்தது, கண்டம் உடைந்தபோது ஆளுக்கொரு துண்டில் பிரிந்து போயின என்றுதான் பழைய நோட்ஸில் இருக்கிறது. "அப்போ மடகாஸ்கரில் இருந்த யானைப் பறவைக்கு ஆப்பிரிக்க நெருப்புக்கோழிதானே மிஸ் பக்கத்து சொந்தம்?" என்கிறான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா?

ஆம்பூர்க்காரன்:
சொல்லாதீங்க டீச்சர். 2014-இல் யானைப் பறவை எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததில், அதற்கு ரொம்ப நெருக்கம் நியூசிலாந்துக் கிவி என்று வந்தது. சுமார் 8 லிட்டர் கொள்ளும் முட்டை போட்ட ராட்சசனுக்குக் கோழி அளவு கிவி பங்காளி! இன்னொரு கூத்து, அதே நியூசிலாந்தில் இருந்து அழிந்துபோன மோவா என்ற பறக்காத பறவைக்குக் கிவி தூரத்து உறவுதான், நெருங்கிய உறவு தென்னமெரிக்கா பக்கம் இருக்கும் டினாமு, அது பறக்கும். அதனால் மூதாதைகள் பறந்து போய் அங்கங்கே இறங்கி, டைனோசர் அழிந்த பிறகு தரையில் போட்டிக்குப் பெரிய விலங்கு இல்லாத காலத்தில், தனித்தனியாகப் பறப்பதை விட்டிருக்கின்றன என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

கோட்டை மைதானம்:
அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் நெஞ்செலும்பு தட்டையாக இருப்பது எப்படி சார்? பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஊருக்கு ஊர் ஈமு வளர்த்தார்களே, அதை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாட்டுக்கோழிக்கு இருக்கும் நடு முகடு அதில் கிடையாது. தனித்தனியாக வந்தது இவ்வளவு ஒத்துப்போகுமா?

ஆம்பூர்க்காரன்:
போகும் அண்ணா. அந்த முகடே சிறகுத் தசை பிடித்துக்கொள்ளத்தான், பறக்காதவனுக்கு அது வீண் சுமை. அதனால் தட்டை நெஞ்சை வைத்து உறவு சொல்ல முடியாது. மோவாவுக்குச் சிறகெலும்பே இல்லை, நெருப்புக்கோழிக்கோ பெரிய சிறகு, இழந்த அளவும் ஒன்றில்லை. மேல்வாய் எலும்பின் அமைப்புதான் இந்தக் கூட்டத்தைச் சேர்க்கிறது, 1867-இலேயே ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் அதை வைத்துப் பறவைகளைப் பிரித்தார். டினாமுவுக்கும் அதே மாதிரி வாய்தான். டோடோ, பெங்குவினை இதில் சேர்த்து எழுதும் பிள்ளைகள் உண்டு, டோடோ புறா வகை, பெங்குவின் வேறு கிளை.

குடியாத்தம் டீச்சர்:
அப்போ ஈமுவுக்கு யார் சொந்தம்?

ஆம்பூர்க்காரன்:
காசோவரி என்ற இன்னொரு பறக்காத பெரிய பறவை. இரண்டும் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன, இங்கே மட்டும் ஊரும் உறவும் ஒத்துப்போகிறது. அடுத்த நெருக்கம் கிவி, யானைப் பறவை ஜோடி. நெருப்புக்கோழி எல்லோருக்கும் முன்பே பிரிந்த கிளை. அதுவும் நம் நாட்டில் இருந்ததுதான், இங்கே கிடைத்த முட்டை ஓட்டில் 2017-இல் ஐதராபாத் ஆய்வாளர்கள் டிஎன்ஏ எடுத்து உறுதி செய்தார்கள், குறைந்தது 25,000 வருஷப் பழசு. பையனுக்கு அதையும் சொல்லுங்க.