பதில்: பேசல் கேங்லியா – 'முடிச்சு' வேண்டாமே

> 'அடித்தள நரம்பு முடிச்சுகள்' என்றே இருக்கட்டும். பழகிவிட்டது.

ஐயா, பேசல் கேங்லியா என்பது மூளையின் ஆழத்தில் இருந்து அசைவைக் கட்டுப்படுத்த உதவும் நரம்பணுத் திரள்கள். அதற்கு நீங்கள் கேட்கும் அந்த முடிச்சு போன மாதம் ஒரு வீட்டையே கலங்கடித்துவிட்டது. பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன். ஸ்கேன் அறிக்கையை அவர் மகனுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். "முடிச்சுன்னா கட்டியா அண்ணா?" என்றான், முகம் வெளுத்து. அறிக்கையில் இருந்ததோ 'பேசல் கேங்லியா இயல்பு' என்பதுதான்!

மூலப்பெயரே பிழை. கேங்லியன் என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்பணுக் கூட்டம். உள்ளே இருந்தால் நியூக்ளியஸ். 'பேசல் நியூக்ளியை' என்று திருத்தி எழுதுபவர்கள் உண்டு. அந்தப் பிழையை நாம் எதற்குத் தமிழாக்க வேண்டும்?

> அப்போ 'அடிமூளைக் கருக்கள்'?

கரு என்றால் பள்ளிப் பிள்ளைக்கு உட்கரு, வீட்டில் முட்டைக்கரு. 'அடிமூளை' மூளைத்தண்டோடு குழம்பும். 'ஆழ்மூளைத் திரள்கள்' என்பேன். மூளைப்புறணிக்குச் செய்தி அனுப்பும் தலாமசும் ஆழத்தில்தானே, அது இதில் சேராதே என்பீர்கள். ஆமாம், அந்த ஓட்டை இருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியம் டிஸ்இன்ஹிபிஷன், அதாவது அடக்கி வைத்திருப்பதை விடுவிப்பது. 'தடைநீக்கம்' என்றால் ஏதோ அரசாணை மாதிரி இருக்கிறது. இத்திரள்கள் தலாமசை ஓயாமல் அடக்கியே வைத்திருக்கும், மேட்டில் நிறுத்திய ஆட்டோவின் கைப்பிரேக் போல. வேண்டிய அசைவுக்கு மட்டும் பிடி தளரும். நடுமூளையின் கருந்திட்டில் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) டோபமின் என்ற செய்தி வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிந்தால் தளராது, அதுதான் பார்க்கின்சன். ஹண்டிங்டன் நோயின் தொடக்கத்தில் நேர்மாறு: பிடி நழுவி, கைகால் தானாக ஆடும்.

1990 வாக்கில் உருவான இந்த விளக்கம் முழுசும் சரியில்லை. அதில் இத்திரள்களுக்குள் இரண்டு பாதைகள்: ஒன்று அசைவை ஏவும், மற்றது தடுக்கும். 2013-ல் எலிகளில் பார்த்தபோது, ஏவும் பாதை, தடுக்கும் பாதை இரண்டுமே அசைவு தொடங்கும் நேரத்தில் சேர்ந்தே இயங்கின. அதனால் 'ஏவுபாதை', 'தடுபாதை' என்று வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் டைரக்ட், இன்டைரக்ட் என்பதுபோல நேர்வழி, சுற்றுவழி போதும். ('சுற்றுப்பாதை' வேண்டாம், அதில் ஏற்கெனவே கோள்கள் ஓடுகின்றன.)

பெரியவர் காலையில் வாசற்படியில் அப்படியே நின்றுவிடுவார். மருமகள் குறுக்கே ஒரு கோலக்கோடு இழுத்தால், அதைப் பார்த்துக் காலைத் தூக்கித் தாண்டிவிடுவார். மழை நாளில் விளக்குமாற்றைப் போடுவாள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "யாரோ காலைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குப்பா" என்றார்.

டிஸ்இன்ஹிபிஷனுக்குப் 'பிடிதளர்வு' என்று எழுதிக்கொள்ளட்டுமா? மறுப்பிருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.