பெண் தொழில்முனைவோர் குழுக்கள்: சந்தா கட்டும் நேரம் வந்துவிட்டது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கோவை_துணிப்பை:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். பருத்திப் பைகள்தான் முக்கியமான வேலை, தீபாவளி, பொங்கல் சமயத்தில் கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கிற கிஃப்ட் பாக்ஸும் செய்து தருகிறோம். போன வருடம் இரண்டு குழுக்களில் சேர்ந்தேன். ஒன்று, வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்துகிற ரெஃபரல் குழு. ஆண்கள், பெண்கள் கலந்தது, ஒரு தொழிலுக்கு ஒருவருக்குத்தான் இடம். இன்னொன்று பெண்கள் மட்டும் இருக்கிற சங்கம். மாதம் ஒரு கூட்டம், ஒரு பேச்சாளர், மதியச் சாப்பாடு, அப்புறம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற வாட்ஸ்அப் குரூப்.

இரண்டு இடத்திலும் நல்ல மனிதர்கள். ஆனால் வருவதெல்லாம் காதுகுத்துக்கு ஐம்பது தாம்பூலப் பை, பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று சின்னச் சின்ன வேலைதான். எனக்கு வேண்டியது ஐநூறு, ஆயிரம் பீஸ் கேட்கிற கம்பெனி ஆர்டர். அது ஒன்றுகூட இந்த வழியாக வரவில்லை. பெண்கள் சங்கத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புடவை, கேக், சோப்பு, நகை என்று எங்களுக்குள்ளேயே விற்றுக்கொள்கிறோம், முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் நானும் வாங்கிவிடுகிறேன், மாதக் கடைசியில் பார்த்தால் வந்ததைவிடப் போனது அதிகம்.

இப்போது இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள், அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. பல வருடமாக இப்படிப்பட்ட குழுக்களில் இருப்பவர்கள் சொல்லுங்கள், தொழில் வளர்வதற்கு இவற்றை நிஜமாகவே எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? ஒன்றை விடுவதென்றால் எதை விடுவது?

ஈரோடு_ஜிஎஸ்டி:

முதலில் ஒன்று கேட்கிறேன். வாரக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு நிமிடத்தில் என்ன பேசுகிறீர்கள்? "பருத்திப் பை, கிஃப்ட் பாக்ஸ் செய்கிறோம், யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று முடித்தால் கேட்பவர் மனதில் வருவது அவர் வீட்டு விசேஷம்தான், அதனால்தான் காதுகுத்து ஆர்டராக வருகிறது. இந்த வாரக் கூட்டம், ஒரு தொழிலுக்கு ஒருவர், ரெஃபரல் சீட்டு எல்லாம் பரவலானது 1985-ல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ என்ற தொழில்முனைவோர் அமைப்பின் முறையிலிருந்து. அந்த முறையில் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஆகவே அந்த ஒரு நிமிடம், யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பதற்கான நேரம்.

அடுத்த வாரம் இப்படிப் பேசிப் பாருங்கள். "சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ இருநூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஐடி கம்பெனியில் ஹெச்.ஆர். அல்லது அட்மின் பொறுப்பில் இருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தீபாவளிப் பரிசு முடிவாவதற்கு முன்னால் ஒரு சாம்பிள் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்." அதற்கடுத்த வாரம் ஒரு பள்ளி நிர்வாகி, அதற்கடுத்த வாரம் ஒரு மருத்துவமனையின் பர்ச்சேஸ் ஆள். வாரம் ஒரே ஒரு ஆள், இடமும் பதவியும் சொல்லி. கேட்பவருக்கு உடனே தன் மச்சினர் முகமோ, பக்கத்து வீட்டுக்காரர் முகமோ ஞாபகம் வர வேண்டும். 'யாராவது' என்று கேட்டால் யாருடைய முகமும் வராது.

இரண்டாவது, உங்கள் குழுவில் அதே ஹெச்.ஆரிடம் வேறு பொருளோ சேவையோ விற்கிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். பிரிண்டிங் பிரஸ், ஈவென்ட் நடத்துபவர், யூனிஃபார்ம் தைப்பவர், கேன்டீன் எடுத்து நடத்துபவர், டிராவல்ஸ். உங்களுக்குப் போட்டி இல்லை, ஆனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவுக்குள் ஏற்கெனவே போய் வருகிறவர்கள். எல்லோரோடும் தனித்தனியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பதைவிட இவர்கள் நாலைந்து பேரோடு தனியாக உட்கார்ந்து, அவர்களுக்கு யார் வேண்டும் என்று முதலில் கேளுங்கள், உங்களால் முடிந்த ஒன்றைச் செய்து கொடுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்கிற எனக்கு அதிகமாக ஆள் அனுப்புவது பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிற ஒரு தம்பியும் வங்கிக் கடன் ஏற்பாடு செய்கிற ஒரு அம்மாவும்தான். ஒரே கடைக்காரரைத்தான் மூன்று பேரும் பார்க்கிறோம்.

இன்னொன்று, ஒருவர் ஒரு பெயரைக் கொடுத்தால் அன்றே பேசிவிடுங்கள், என்ன ஆனது என்று கொடுத்தவருக்குத் திரும்பச் சொல்லுங்கள், ஆர்டர் கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். தன் உறவினரின் பெயரைக் கொடுப்பவர் தன் மரியாதையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

மதுரை_மசாலா:

ஈரோட்டு அக்கா சொன்னது ரெஃபரல் குழுவுக்குச் சரி. பெண்கள் சங்கத்தை அந்த அளவுகோலில் பார்க்காதீர்கள் என்பது என் கருத்து. அங்கே சந்தையைத் தேடினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே வாங்குபவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். நான் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். எங்கள் சங்கத்தில் பொடி விற்பதையே நிறுத்திவிட்டேன். யாராவது கேட்டால் கடை முகவரி கொடுப்பேன், அவ்வளவுதான். மற்றவர் பொருளை வாங்குவதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன், வீட்டுக்கு நிஜமாகத் தேவைப்பட்டால் மட்டும். "இந்த மாதம் பட்ஜெட் முடிந்தது அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்புறம் எதற்காக அங்கே போகிறேன்? வெளியே கேட்க முடியாத கேள்விகளைக் கேட்பதற்காக. எந்த வங்கிக் கிளையில் கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் கொடுக்கிறார்கள், எந்த டிஸ்ட்ரிபியூட்டர் பணத்தை இழுத்தடிப்பார், கிலோவுக்கு என்ன விலை வைத்தால் நிற்க முடியும், இதையெல்லாம் மனம் விட்டுச் சொல்கிற இடம் அதுதான். எனக்கு ஒரு ஹோட்டல் பல மாதம் பணம் தரவில்லை. நான் போன் செய்தால் "சார் இல்லை" என்பார்கள். சங்கத்தில் ஒரு அக்காதான் உட்கார வைத்து விளக்கினார். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை நிறுவனத்திடமோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். அதோடு 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது, கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, நிஜமாகக் கொடுக்கிற வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதி, பில் நகலோடு அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்பினேன். புகார் போடும் அளவுக்குப் போகவே இல்லை, பணம் வந்துவிட்டது. அந்த ஒரு மதியச் சாப்பாடு எனக்குச் சில வருடச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆகவே விடுவதென்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டிய கேள்வி எதற்கு அங்கே பதில் கிடைக்கும் என்று இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லாத குழுவை விட்டுவிடலாம்.

சென்னை_டிசைன்:

நான் கொஞ்சம் வேறு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கலப்புக் குழுக்களில் பெண்களுக்கு வந்து சேர்கிற வேலை என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? வரவேற்பு, குத்துவிளக்கு, ஆங்கரிங், நன்றியுரை. உறுப்பினர் சேர்க்கையும் பேச்சாளர் ஏற்பாடும் வேறு ஆட்களிடம் போய்விடும். அந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுப் பொறுப்புகள் மாறுகிற சமயத்தில் "புரோகிராம் கமிட்டி எனக்கு வேண்டும்" என்று நேராகவே சொல்லுங்கள்.

ஏன் என்றால், பேச்சாளரை அழைக்கிற பொறுப்பு கையில் இருந்தால், பொருள் விற்க வந்தவள் என்ற நிலையில் இல்லாமல் பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் தலைவரோடு பேச முடிகிறது. "புது வெண்டரை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று எங்கள் உறுப்பினர்களுக்கு விளக்க முடியுமா" என்று அழைத்தால் பெரும்பாலும் வருவார்கள். வந்தால் முப்பது பேருக்கும் பயன், உங்களுக்கோ அவரோடு முன்னும் பின்னும் பல முறை பேசிய பழக்கம் மிச்சம். பெண்கள் சங்கத்திலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒரு மாதம் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குகிற ஜெம் போர்ட்டலில் பதிவு செய்வதை ஒருவர் நேரில் செய்து காட்டட்டும். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் என்று 2018-ல் சேர்த்தார்கள். பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் பெண்களுக்குச் சொந்தமான நிறுவனம் என்று உறுதி செய்கிற வீகனெக்ட் இன்டர்நேஷனல் சான்றிதழ் பற்றிப் பேச ஒருவரை அழைக்கலாம். குறைந்தது 51 சதவீத உரிமை பெண்களிடம் இருக்க வேண்டும், நிர்வாகமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும், பெயருக்கு மட்டும் மனைவி பெயரில் எழுதியது செல்லாது.

வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிட்டு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் வேலை தேடியவர்களை விசாரித்து 1973-லேயே எழுதினார், நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகத்தான் பலருக்குத் தகவல் வந்தது என்று. தினம் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். கூட்டத்தில் இதுவரை பேசாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

காலை ஏழு மணிக் கூட்டத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம் அது. எங்கள் குழுவில் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டு, மாதத்தில் பாதிக் கூட்டங்களை ஆன்லைனுக்கு மாற்றினோம். கேட்காமல் விலகிப் போன பெண்கள் பலர், அது எனக்கு இன்னும் வருத்தம்.

கோவை_துணிப்பை:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. எங்கள் குழுவில் யூனிஃபார்ம் தைப்பவரும் பிரிண்டிங் பிரஸ்காரரும் இருக்கிறார்கள், அவர்களோடு இதுவரை தனியாக உட்கார்ந்து பேசியது இல்லை, இந்த வாரமே கேட்கிறேன். மதுரை அக்காவிடம் ஒரு சந்தேகம். கிஃப்ட் பாக்ஸில் வைக்கிற விளக்கு, டிரை ஃப்ரூட்ஸ் எல்லாம் வெளியே வாங்கித்தான் அடுக்குகிறோம். அந்த 45 நாள் விதி எனக்குப் பொருந்துமா?

மதுரை_மசாலா:

நல்ல கேள்வி. வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு கொடுக்கிறார்கள், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும்தான், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. நீங்கள் பை தைப்பது உற்பத்தி, அதில் சிக்கல் இல்லை. பெட்டி விஷயம்தான் நடுவில் நிற்கிறது. உங்கள் உத்யம் சான்றிதழை எடுத்து, தொழில் வகையில் உற்பத்தி என்று பதிவாகியிருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா பாருங்கள், திருத்துவதற்குக் கட்டணம் கிடையாது, பதிவு செய்வதும் இலவசம்தான், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பில் போடும்போது பையைத் தனி வரியாகக் காட்டலாமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஈரோடு_ஜிஎஸ்டி:

ஆமாம், அதை ஆர்டர் எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், பையும் உள்ளே இருக்கிற பொருள்களும் வேறு வேறு ஜிஎஸ்டி விகிதத்தில் வரலாம், அப்போது ஒரே பெட்டியாக ஒரே விலைக்கு விற்றால் கணக்கு மாறும். சந்தாவைப் பொறுத்தவரை, ரெஃபரல் குழுவைத் தீபாவளி வரைக்குமாவது விடாதீர்கள். பல கம்பெனிகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பரிசை முடிவு செய்துவிடும், நீங்கள் ஜூலையிலிருந்தே அந்த ஒரு நிமிடத்தில் ஹெச்.ஆர். பெயரைக் கேட்க ஆரம்பிக்க வேண்டும். வருடச் சந்தாவை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள், சில குழுக்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.