புது பைக்: கிளட்ச் விட்டதும் ஆஃப் ஆகிறது, நின்றால் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 150 சிசி, ஐந்து கியர், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டி. எடுத்து ஒரு வாரம், ஓடியது 40 கி.மீ. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், கியர் வண்டி இதுதான் முதல். காலி மைதானத்தில் பழகுகிறேன். இரண்டு தொல்லை.

ஒன்று, முதல் கியரில் கிளட்சை விட்டால் பத்துக்கு ஆறு தடவை குலுங்கி ஆஃப் ஆகிறது. அதற்குப் பயந்து ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் எகிறிப் பாய்கிறது. இரண்டு, நின்றபிறகு நியூட்ரல் விழுவதே இல்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவுகிறது. கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி மெல்ல முன்னே ஊர்கிற மாதிரி தெரிகிறது. கை பழகவில்லையா, வண்டியில் கோளாறா?

பதில் 1:
முதலாவது கைப்பழக்கம்தான். (கியர் போட்ட நொடியே, கிளட்சை விடும் முன்பே ஆஃப் ஆனால் மட்டும் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். ஸ்டாண்ட் கீழே இருந்தால் பல வண்டிகளில் சுவிட்ச் இன்ஜினை நிறுத்திவிடும்.)

ஒரு நாள் முழுக்க ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். இன்ஜின் சூடானதும் சமதரையில் முதல் கியர் போட்டு, இரு காலும் ஊன்றியபடி கிளட்ச் லீவரை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும், வண்டி முன்னே முண்டும். அந்த இடத்தில் விரல்களை அப்படியே நிறுத்துங்கள். எஃப்ஐ வண்டி ஐடிலிங்கிலேயே (ஆக்ஸிலேட்டர் இல்லாமல் இன்ஜின் தானாக ஓடும் வேகத்திலேயே) உங்களை இழுத்துக்கொண்டு நகரும். ஓரடி போனதும் கிளட்சைப் பிடித்து நிறுத்துங்கள். இதை 30 தடவை செய்தால் பிடிக்கும் இடம் விரலுக்கே தெரிந்துவிடும்.

ஆஃப் ஆவதற்குக் காரணம் இதுதான்: வண்டி நகர ஆரம்பித்ததும் "கிளம்பிவிட்டது" என்று மீதிக் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுகிறோம். சக்கரம் இன்னும் இன்ஜின் வேகத்துக்கு வந்திருக்காது. பிடிக்கும் இடத்திலேயே இரண்டு மூன்று விநாடி வைத்திருந்து, வண்டி உருண்டபிறகு மீதியை விடுங்கள்.

அடுத்த நாள் ஆக்ஸிலேட்டரைச் சேருங்கள். முதலில் 2,000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அளவில் நிலையாக வைத்துக்கொண்டு, பிறகு கிளட்சை விட வேண்டும். எகிறுவது மணிக்கட்டால். மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடித்தால் உடம்பு பின்னால் சாயும்போது கை தானாகவே இன்னும் முறுக்கும். மணிக்கட்டைத் தாழ்த்தி, முழங்கையைத் தளர்த்திப் பிடியுங்கள். எகிறினால் யோசிக்கவே வேண்டாம், கிளட்சை இறுக்குங்கள். இழுவை அங்கேயே அறுந்துவிடும்.

ஹாஃப் கிளட்சில் (லீவரைப் பாதி விட்ட நிலையில்) பழகும்போது கிளட்ச் பிளேட்கள் சூடேறும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். கருகிய வாடை வந்தால் அன்றைக்குப் போதும்.

பதில் 2:
இரண்டாவதற்கு உங்கள் கையைக் குறை சொல்ல மாட்டேன். கிளட்ச் பிடித்தும் வண்டி ஊர்ந்தால் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை என்று அர்த்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஆயில் கெட்டியாக இருக்கும்போது லேசாக இழுப்பது இயல்பு. சூடானபிறகும் இழுத்தால் கிளட்ச் கேபிளில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) அதிகம். புது கேபிள் முதல் சில நாட்களில் கொஞ்சம் தளரும்.

கிளட்ச் லீவர் நுனியை விரலால் தள்ளுங்கள். கனம் தட்டாமல் அது எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ.க்குள் இருக்கும்; சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கிறது, அதையே பின்பற்றுங்கள். அதிகமாக இருந்தால் லீவர் பக்கத்தில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே வரும்படி திருகுங்கள். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், அளவு மாறக் கூடாது.

பிளே சுத்தமாக இல்லாமல் இறுக்கிவிட்டால் அது இன்னும் மோசம். கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே வழுக்கி, பிளேட் தேய்ந்துபோகும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன், 27 மி.மீ. இருந்தது! 15-க்குக் கொண்டுவந்தேன். ஊர்வது நின்றுவிட்டது. ஆஃப் ஆவதும் பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. நியூட்ரல் இன்னும் சிலசமயம் அடம்பிடிக்கிறது. மைதானத்தை விட்டு வெளியே எடுக்கும் முன் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில் 2:
நியூட்ரலை நின்றபிறகு தேடாதீர்கள். இரண்டாம் கியரில் உருண்டு நிற்கப்போகும் கணத்திலேயே கியர் லீவரை அரை மிதி மிதியுங்கள். பல் சக்கரங்கள் சுழலும்போது எளிதாக விடுபடும். நின்றுவிட்டீர்களா? பிரேக்கை விட்டு வண்டியைக் காலால் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே, ஒன்றிலிருந்து கால் பெருவிரலால் மெல்ல மேலே தூக்குங்கள்.

பதில் 3:
வெளியே எடுக்கும் முன் பிரேக்கைப் பழகுங்கள், தயவுசெய்து. புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. நடை வேகத்தில், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்துத்தான். யூ டர்னில் பின் பிரேக்கும் ஹாஃப் கிளட்சும் மட்டுமே. நேராகப் போகும்போது முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். அதைப் படக்கென்று பிடிக்காமல், பஞ்சைப் பிழிவது போலப் படிப்படியாக அழுத்துங்கள். 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி 30, 40 என்று கூட்டுங்கள்.

டயர் மேற்பரப்பு புதிதில் வழுக்கும். முதல் 150 கி.மீ. வரை வளைவில் சாய்க்க வேண்டாம். ஈரத்தில் இன்னும் கவனம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ரன்னிங்-இன் (புது இன்ஜினை ஆரம்பத்தில் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது) விஷயத்தில் பலரும் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிடக் கெடுதல், நான்காம் கியரில் 20 கி.மீ. வேகத்தில் இன்ஜினைத் திணறவிடுவது. திணறினால் ஒரு கியர் குறையுங்கள். ஒரே ஆர்பிஎம்மில் நெடுநேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்; புது இன்ஜினின் உலோகத் துகள்கள் அந்த ஆயிலோடுதான் வெளியேறும். அப்போது கிளட்ச் பிளேயையும் செயின் தளர்வையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், இரண்டும் அதற்குள் மாறியிருக்கும்.