ஓஹியோ எக்ஸ்பிரஸ்: ஒரே பெயர், ஆளுக்கொரு குரல். யார் பாடியது?

ரீல்டேப்:
அறுபதுகளின் அமெரிக்க பாப் குழு ஓஹியோ எக்ஸ்பிரஸின் சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள்) 1967-லிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறேன். 'பெக், பாரோ அண்ட் ஸ்டீல்' பாட்டில் ஒரு குரல். 'யம்மி யம்மி யம்மி'யில் மூக்கால் பாடும் இன்னொருவர். 'சாசலீட்டோ'வுக்கு வந்தால் மூன்றாவது ஆள். எல்.பி. என்ற முழுநீளத் தட்டுக்குள் போனால் இன்னும் குழப்பம். உறையில் இருக்கும் ஐந்து பேரில் யார் எதைப் பாடினார்கள்? எதை அசல் பேண்ட் என்று எடுத்துக்கொள்வது?

மோனோ_பக்கம்:
நீங்கள் சொன்ன மூன்று பாட்டையும் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடப் பாடவில்லை!

ஓஹியோ எக்ஸ்பிரஸ் என்ற பெயர் தயாரிப்பாளர்களுடையது. நியூயார்க்கில் சூப்பர் கே என்ற தயாரிப்பு நிறுவனத்தை நடத்திய ஜெர்ரி கேசனெட்ஸ், ஜெஃப் காட்ஸ் இருவரும்தான் அந்தத் தயாரிப்பாளர்கள். 'பெக், பாரோ அண்ட் ஸ்டீல்' 1966-லேயே 'ரேர் பிரீட்' என்ற குழுவின் பெயரில் வந்து எடுபடாமல் போன தட்டு. அதே பதிவை 1967-இல் புதுப் பெயர் ஒட்டி கேமியோ லேபிளில் விட்டார்கள், அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 29-வது இடம் வரை ஏறியது. ஹிட்டான பிறகு ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆள் வேண்டுமே? ஓஹியோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டில் 'சர் டிமதி அண்ட் தி ராயல்ஸ்' என்று இயங்கிவந்த பையன்களைப் பிடித்துப் பெயரை மாற்றினார்கள். உறைப்படத்தில் இருப்பவர்கள் இவர்கள்.

கேமியோ கைமாறியதும் அதன் நிர்வாகி நீல் போகார்ட் புத்தா ரெக்கார்ட்ஸுக்குப் போனார், சூப்பர் கேயும் கூடவே போனது. 'யம்மி யம்மி யம்மி' ஆர்தர் ரெஸ்னிக், ஜோயி லெவின் இருவரும் எழுதியது. முதலில் ஜே அண்ட் தி டெக்னிக்ஸ் என்ற குழுவுக்குக் காட்டினார்கள், சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதென்று அங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள். டெமோவில், அதாவது மாதிரிப் பதிவில், லெவினே பாடியிருந்தார். அந்தக் குரல் போகார்டுக்குப் பிடித்துப்போக, அதையே வைத்து வெளியிட்டார்கள். 1968-இல் 4-வது இடம். வாசித்தவர்கள் நியூயார்க் ஸ்டூடியோ கலைஞர்கள். அதிலிருந்து 'டவுன் அட் லூலூஸ்' (33), 'சூயி சூயி' (15), 1969-இல் 'மெர்சி' (30) வரை லெவின் குரல்தான்.

'சாசலீட்டோ' 1969-இல் 86-வது இடத்தோடு நின்றது. பாடியவர் கிரஹாம் கோல்ட்மேன். கூட இருந்த மூவரும் அவரும் சேர்ந்துதான் பின்னாளில் 10சிசி என்ற பிரிட்டிஷ் குழு ஆனார்கள்.

இரண்டுசென்ட்:
மேலே சொன்னது சரி. ஆனால் மான்ஸ்ஃபீல்டு ஆட்களை வெறும் பொம்மைகளாக நினைக்க வேண்டாம். 1968-இல் வந்த 'டிரை இட்' சிங்கிளில் அவர்களுடைய டேல் பவர்ஸ் பாடுகிறார். 83-வது இடம்தான் கிடைத்தது. அதே வருஷத்து 'தி ஓஹியோ எக்ஸ்பிரஸ்' எல்.பி.யில் கீபோர்டு வாசித்த ஜிம் ஃபாலர் எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. ஹிட்டுகள் லெவினுக்கு, இடத்தை நிரப்பும் பாட்டுகள் பேண்டுக்கு என்று ஒரே தட்டில் பங்கு பிரித்திருக்கிறார்கள். என் காதுக்கு ஃபாலரின் பாட்டுகள் மோசமில்லை, ஆனால் லெவினுக்குப் பக்கத்தில் வைத்ததும் வேறு குழுவின் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. முந்தைய கேமியோ எல்.பி. இன்னும் விசேஷம்: 'அண்ட் இட்ஸ் ட்ரூ', 'ஐ ஃபைண்ட் ஐ திங்க் ஆஃப் யூ' இரண்டும் மீசில்ஸ் என்ற குழுவின் பதிவுகள். பாடியவர் பின்னாளில் ஈகிள்ஸ் ராக் குழுவில் சேர்ந்த ஜோ வால்ஷ்.

இந்த ஏற்பாட்டில் அடி வாங்கியது மேடையில்தான். தங்கள் பெயரில் புதிதாக வந்த 'சூயி சூயி'யை ரசிகர்கள் வாசிக்கச் சொன்னபோது அந்தப் பாட்டையே தாங்கள் கேட்டதில்லை என்று பாஸ் கிட்டார் வாசித்த டீன் கேஸ்ட்ரான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லெவினும் பண விஷயத்தில் மனம் கசந்து 1969-இல் சூப்பர் கேயை விட்டு விலகினார். அதன்பின் வந்த எதுவும் 'மெர்சி' தொட்ட இடத்தைத் தொடவில்லை.

பணம் எங்கே போனது என்று பார்க்க பி பக்கத்தை, அதாவது சிங்கிளில் ஹிட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தை, கேளுங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் எழுத்து ராயல்டி. ஏ பக்கமானாலும் பி பக்கமானாலும் அதே 2 சென்ட். 10 லட்சம் பிரதி விற்றால், முழு வீதத்தில், யாரும் கேட்காத பி பக்கத்துக்கே 20,000 டாலர். 'யம்மி'யின் பின்பக்கமான 'ஜிக் ஜாக்' என்ற வாத்திய இசை தயாரிப்பாளர்கள் பெயரில் இருக்கிறது. அது சூப்பர் கேயின் இன்னொரு குழுவான 1910 ஃப்ரூட்கம் கம்பெனியின் '(பூவர் ஓல்ட்) மிஸ்டர் ஜென்சன்' பாட்டின் டேப்பைத் தலைகீழாக ஓட்டியது, வேறொன்றுமில்லை. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு ஹிட்டைக் கெடுத்துவிடாமல் இருக்கவும் இது உதவியது.

ரீல்டேப்:
இரண்டு பேருக்கும் நன்றி. 1910 ஃப்ரூட்கம் கம்பெனியும் இதே கதைதானா? 'ஜிக் ஜாக்'கைச் சரிபார்க்க வழி உண்டா?

மோனோ_பக்கம்:
பாதிக் கதைதான். நியூ ஜெர்சிப் பையன்கள். 'சைமன் சேஸ்', '1, 2, 3, ரெட் லைட்', 'இண்டியன் கிவர்' மூன்றிலும் பாடியவர் அவர்களுடைய மார்க் குட்கோவ்ஸ்கி. அதனால் இந்த மூன்றில் குரல் மாறி மாறி வராது.

'ஜிக் ஜாக்'குக்கு: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து முழுவதையும் தேர்வு செய்து, எஃபெக்ட் பட்டியலில் ரிவர்ஸ் கொடுங்கள். திருப்புவதற்கு முன் சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) மட்டும் கவனியுங்கள். நேராக ஓடும் டேப்பில் சிம்பல் பட்டென்று அடித்து மெல்ல அடங்கும். தலைகீழ் டேப்பில் ஒலி வீங்கிக்கொண்டே வந்து சட்டென்று அறுந்துபோகும்.

பழைய_தட்டு:
வரிசைப்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. தொகுப்புகளில் 'யம்மி' என்று இருப்பதெல்லாம் 1968 பதிவு அல்ல. பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்தவையும் அதே பெயரில் கிடக்கின்றன. ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், தொகுப்பு வந்த ஆண்டையோ பழைய ஆண்டையோ எதை வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். காதால்தான் பிரிக்க வேண்டும். தட்டாக வாங்கினால் புத்தா 38-ஆம் எண் சிங்கிளைத் தேடுங்கள்.

லெவின் குரல் பழகிவிட்டதா என்று சோதிக்க, 1968-இல் கேசனெட்ஸ்-காட்ஸ் சிங்கிங் ஆர்கெஸ்ட்ரல் சர்க்கஸ் என்ற பெயரில் வந்த 'குவிக் ஜோயி ஸ்மால்' போடுங்கள். முதல் வரியிலேயே ஆள் பிடிபட்டுவிடுவார்.