புதுப்பிப்பு: அம்மாவின் வெள்ளை அணுக்கள், பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பிறகு

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையால் அம்மாவின் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்ததையும், அவற்றைக் கூட்டும் தினசரி ஃபில்கிராஸ்டிம் ஊசிக்காக உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு அலைவதையும் எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் ஒரே முறை போடும், அதே வகை மருந்தான பெக்ஃபில்கிராஸ்டிம் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே போட வேண்டும் என்பதால் ஊசியை ஐஸ் பெட்டியில் ஊருக்கே கொண்டுவந்தோம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா போட்டுவிட்டார். அடுத்த கீமோ இம்முறை தள்ளிப்போகவில்லை!

எதிர்பாராதது இடுப்பு எலும்பு வலி. அம்மா துடித்துப்போனார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வேகமாக வெள்ளை அணுக்களை உருவாக்குவதால் வருவதாம். மருத்துவர் பாராசிட்டமால் தரச் சொன்னார். ஆனால் அது காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் கிருமித்தொற்றாக இருக்கலாம்; அதனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.