பக்கவாதத்துக்கு அக்குபஞ்சர்: ஊசி மூளையை எழுப்புமா?

மஞ்சள்மண்டி (கோபி):
எங்க பெரியப்பாவுக்குப் போன மாதம் பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் ரத்தக்கட்டி அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருத்தர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார், அதைப் பெரியம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். இப்போது சொந்தத்தில் பலரும் அக்குபஞ்சருக்குப் போகச் சொல்கிறார்கள். ஊசி போட்டால் செத்த மூளை நரம்பு மறுபடி வேலை செய்யுமாம். விசாரித்த ஓர் இடத்தில், மாத்திரையை எல்லாம் நிறுத்தினால்தான் பலன் தெரியும் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தறிப்பட்டறை (சோமனூர்):
தாராளமாகப் போங்க தம்பி. எங்க அப்பாவுக்கும் இதே வலது கைதான். விரல் இறுகி மடங்கியே கிடக்கும், நகம் பதிந்து உள்ளங்கை புண்ணாகிவிடும். ஊசி போட்டு எடுத்த கையோடு அந்த இறுக்கம் தளரும், விரலை விரித்து உள்ளே துடைத்துவிடுவோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவரே விரிக்க ஆரம்பித்தார். இன்றைக்குத் தறி ஓட்டாவிட்டாலும், பெட்டியிலிருந்து ஊடை நூல் சுற்றிய தாரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். கண்ணால் பார்த்ததை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

பிசியோ_பெருந்துறை:
அண்ணா, அப்பா தேறியதில் மனசுக்கு நிறைவு. ஆனால் பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். வீக்கம் வடியும், செத்த இடத்தைச் சுற்றிச் செயலற்றுக் கிடந்த பகுதிகள் விழிக்கும். அந்த நேரத்தில் எந்த வைத்தியம் செய்தாலும் பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தார்தான். விரலைக் குவித்துப் பிடிக்கிறார், தூக்குகிறார், நீட்டுகிறார், விடுகிறார். திரும்பத் திரும்பச் செய்கிறார். மூளையில் செத்த இடத்துக்குப் பக்கத்துப் பகுதிகள் கையின் வேலையைக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

2006-இல் அமெரிக்காவில் எக்சைட் என்ற சோதனை வெளிவந்தது. 222 பேர், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையாலேயே இரண்டு வாரம் வேலை செய்ய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் மற்றவர்களைவிட அவர்கள் கை மேலாக இருந்தது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைபவர்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசிமுனை (கோவை):
நான் இயற்கை மருத்துவம் படித்தவள், அக்குபஞ்சரும் செய்கிறேன். முதலில் ஒன்று: செத்த செல் எந்த ஊசிக்கும் எழாது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குவது தப்பு. கேட்க வேண்டிய கேள்வி, உயிரோடு இருக்கும் பகுதி புதுத் தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்ள ஊசி உதவுமா என்பது. எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். மூளையின் நடுத் தமனியை அடைத்துவிட்டு, முன்னங்காலிலும் பின்னங்காலிலும் ஊசி குத்தி மெல்லிய மின்சாரம் கொடுக்கிறார்கள். மனிதருக்கு அது முழங்கை மடிப்பின் வெளி ஓரமும், முட்டிச் சிப்பிக்கு நாலு விரல் கீழேயும் வரும். அப்படிச் செய்த எலிகளில் செத்த பகுதி சிறிதாக இருந்ததாகவும், நரம்பு வளரத் துணைபோகும் பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடியதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. எலிக்கு வைத்தியர்மேல் நம்பிக்கை ஏது? அதனால் இதை வெறும் மனப்பிரமை என்று தள்ள மாட்டேன்.

நொய்யல்வாசி (திருப்பூர்):
டாக்டருங்க சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எலியில் பலித்து மனிதரிடம் தோற்றுப்போன பக்கவாத மருந்துகளின் வரிசை ரொம்ப நீளம். எலிக்கு அடைப்பு வந்த சமயத்திலேயே ஊசி குத்திவிடலாம், பெரியப்பாவுக்கு மாதம் ஒன்று ஓடிவிட்டது.

மனிதர்களிடம் செய்ததைப் பார்ப்போம். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பு 2016-இல் 31 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 2,257 நோயாளிகள். அன்றாட வேலையிலும் சில நரம்புக் குறைபாடுகளிலும் ஓரளவு பலன் இருக்கலாம் என்றது. ஆனால் பெரும்பாலான சோதனைகளின் தரமும் அளவும் போதாது, வழக்கமான சிகிச்சையாக்குவது பற்றி முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. அந்தச் சோதனைகளில் பெரும்பகுதி சீனாவில் நடந்தவை. சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவானிலிருந்து வந்த அக்குபஞ்சர் சோதனைகளை 1998-இல் ஒரு குழு திரட்டியபோது, ஒன்று விடாமல் அத்தனையும் வெற்றி என்றிருந்தன. எந்த வைத்தியமும் எல்லாச் சோதனையிலும் ஜெயிக்காது. தோற்றவை வெளியே வராமல் போயிருக்கலாம் என்ற சந்தேகம் அதனால்தான் வருகிறது.

தறிப்பட்டறை (சோமனூர்):
அதெல்லாம் காகிதக் கணக்குங்க. அப்பா கை விரிந்ததை நான் பிடித்துப் பார்த்தேன்.

நொய்யல்வாசி (திருப்பூர்):
அண்ணா, விரிந்ததை நான் மறுக்கவே இல்லை. விரிந்தது எதனால் என்றுதான் கேட்கிறேன். ஊசி, பயிற்சி, நாள்பட்டுத் தானாக வருவது, மூன்றும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. ஊசியை மட்டும் எடுத்துவிட்டு அதே அப்பாவைப் பார்க்க நமக்கு வழியில்லை. அதனால்தான் இரண்டு குழு வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஊசிமுனை (கோவை):
இரண்டு குழு வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரைக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றாக வைக்கலாம், ஊசிக்கு எதை வைப்பது? குத்தாமல் உள்ளே மடங்கிக்கொள்ளும் போலி ஊசியை 1998-இலேயே கொண்டுவந்தார்கள். ஆனால் அதுவும் தோலைத் தொடுகிறது, தொட்டாலே மூளைக்குச் சேதி போகிறது. போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் குறைவாகத் தெரிய அதுவும் ஒரு காரணம் என்பேன்.

பிசியோ_பெருந்துறை:
மேடம், அதே நியாயம் ஸ்கேன் படத்துக்கும் பொருந்தும். ஊசி குத்தியதும் மூளையில் இன்ன இடம் ஒளிர்கிறது என்று படம் காட்டித்தான் பலரை நம்ப வைக்கிறார்கள். தடவினாலும் கிள்ளினாலும் தொடு உணர்ச்சிப் பகுதி ஒளிரும். ஒளிர்வதற்கும் தம்ளரைப் பிடிப்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம். அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2016 வழிகாட்டி, கை அசைவுக்கும் அன்றாட வேலைக்கும் அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கவில்லை. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மற்ற சிகிச்சையோடு சேர்த்து யோசிக்கலாம் என்கிறது.

ஊசிமுனை (கோவை):
விழுங்குவதை ஒத்துக்கொண்டீர்களே, அதே வழிகாட்டி தோள்வலிக்கும் துணைச் சிகிச்சையாக அக்குபஞ்சரைப் பேசுகிறது, பலன் நிச்சயமில்லை என்றுதான் சொல்கிறது. வலி குறைந்தால்தானே ஆள் பயிற்சிக்குக் கையைக் கொடுப்பார்? அதனால் என் இடத்துக்கு வருபவர்களிடம் பயிற்சியை விடாமல் செய்துகொண்டே வரச் சொல்கிறேன். ஊசி அதற்குத் துணையாக இருக்கட்டும். வெறும் துணைதானே என்று நீங்கள் ஒதுக்குவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பிசியோ_பெருந்துறை:
ஒதுக்கவில்லைங்க. நான் பார்க்கிற குடும்பங்களில் காசும் துணைக்கு வர ஆளும் ஓர் இடத்துக்குத்தான் கட்டுபடியாகும். ஊசிக்குக் கூட்டிப் போன நாளில் பயிற்சி நின்றுவிடுகிறது. அதுதான் என் பயம்.

மஞ்சள்மண்டி (கோபி):
எல்லோருக்கும் நன்றிங்க. மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே? பெரியப்பாவுக்கு வலது தோளும் ரொம்ப வலிக்கிறது, தூக்கி உட்கார வைத்தாலே கத்துகிறார்.

ஊசிமுனை (கோவை):
மாத்திரையை நிறுத்தாதீங்க. ரத்தம் உறையாமல் இருக்கவும், பிரஷர், கொழுப்புக்கும் கொடுத்தவை அடுத்த அடைப்பைத் தடுப்பதற்கு. நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு எதற்காகவும் போகாதீங்க. தோள்வலிக்கு ஊசி போடுவதாக முடிவு செய்தால், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்க. புது ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும்.

பிசியோ_பெருந்துறை:
தூக்கும்போது அக்குளில் கை கொடுத்தோ, விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ தூக்குகிறீர்களா? தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டு பிதுங்கி இறங்கிவிடும், வலி பெரும்பாலும் அங்கிருந்துதான். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்க. உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்க. படுத்தால் அந்தக் கை உடம்புக்குக் கீழே மாட்டக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்தால் பிசியோ வீட்டுக்கே வருவார், 2021-இலிருந்து இருக்கிற திட்டம். அப்புறம், பேச்சு குழறுகிறது என்றீர்களே, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா?

மஞ்சள்மண்டி (கோபி):
அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குகிறோம். தண்ணீருக்கு இருமுகிறார், கஞ்சிக்கு இல்லை.

பிசியோ_பெருந்துறை:
அப்படியானால் தண்ணீரை வாயில் ஊற்றுவதை இப்போதே நிறுத்துங்க. நாளைக்கே அவரைப் பார்த்த டாக்டரிடம் காட்டி, விழுங்குவதைச் சோதிக்கச் சொல்லுங்க. அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து, கஞ்சி மாதிரிக் கெட்டியானதைச் சின்ன ஸ்பூனில் கொடுங்க, படுத்தபடி எதுவும் வேண்டாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா, அதாவது நுரையீரல் அழற்சி, வரலாம். மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்க.